கரியமில வாயு மீண்டும் எரிபொருளாகுமா? உயிரிவாயுவும் விமானமும்

சாணமும் கழிவும் காற்றுப் புகாத கலனில் மட்கும்போது கிடைக்கும் உயிரிவாயுவில் மீத்தேனும் கரியமில வாயுவும் கலந்தே வருகின்றன. இரண்டையும் பிரிக்காமல் அப்படியே விமான எரிபொருளாக மாற்றலாம் என்று படித்திருக்கிறீர்கள். எரிந்து முடிந்த வாயு எப்படி மறுபடியும் எரியும், இது மெய்யான தீர்வா அல்லது விளம்பரமா என்பது உங்கள் கேள்வி. முடியுமா என்பதோடு, செய்யத் தகுமா என்பதையும் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். முடியும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. செய்யத் தகுமா என்பது எந்த வாயு, எந்த அளவு, பக்கத்தில் வேறு என்ன பயன் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வாயுக்களை வினையூக்கியின் மேல் செலுத்தி வேறொன்றாக மாற்றும் வேலையில்தான் என் ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. ஆகவே உலைக்குள் நடப்பதை உறுதியாகச் சொல்ல முடியும். கார்பன் கணக்கு என்று வரும்போது எது எண், எது என் கருத்து என்று பிரித்தே சொல்கிறேன்.

எரிந்து முடிந்த வாயு எரியாது என்று நீங்கள் நினைத்தது சரி. கரியமில வாயுவில் எடுத்துக்கொள்ள ஆற்றல் எதுவும் மிச்சமில்லை. அதிலிருந்து நமக்குக் கிடைப்பது ஒரு கார்பன் அணு மட்டுமே. அந்த அணுவோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களைக் கழற்ற வேண்டும். கழற்றிய இடத்தில் ஹைட்ரஜனைச் சேர்க்க வேண்டும். இரண்டு வேலைக்கும் ஹைட்ரஜன்தான் தேவை. ஆகவே 'கரியமில வாயுவிலிருந்து எரிபொருள்' என்று எங்கு படித்தாலும் அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். எரிபொருளின் ஆற்றல் முழுவதும் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது.

உயிரிவாயுவின் சிறப்பு இங்கே தெரியும். விமான எரிபொருளில் ஒரு கார்பன் அணுவுக்கு ஏறத்தாழ இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உண்டு. வெறும் கரியமில வாயுவிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு கார்பனுக்கும் மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகளை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். அதில் இரண்டு, ஆக்சிஜனைத் தண்ணீராக்கி வெளியேற்றுவதிலேயே போய்விடும். 60 சதவீதம் மீத்தேன், 40 சதவீதம் கரியமில வாயு கொண்ட உயிரிவாயுவுக்கு இதே கணக்கைப் போட்டால், கார்பன் ஒன்றுக்கு வெளியிலிருந்து வேண்டியது 0.6 மூலக்கூறுதான், ஐந்தில் ஒரு பங்கு. மீத்தேன் தன்னோடு கொண்டுவரும் ஹைட்ரஜன் மற்றதை ஈடுகட்டிவிடுகிறது. மீத்தேன் 75 சதவீதமாக இருந்தால், ஏட்டுக் கணக்கில், வெளி ஹைட்ரஜனே வேண்டாம்.

இதை மின்சாரமாக மாற்றிப் பாருங்கள். தண்ணீரை மின்பகுப்பு செய்து ஒரு கிலோ ஹைட்ரஜன் பெற 50 முதல் 55 யூனிட் செலவாகிறது. ஒரு கிலோ விமான எரிபொருளில் அடங்கியிருப்பது சுமார் 12 யூனிட் ஆற்றல். வெறும் கரியமில வாயுவிலிருந்து அந்த ஒரு கிலோவைச் செய்ய ஹைட்ரஜனுக்கு மட்டுமே 22 யூனிட் அளவுக்குப் போகும். உயிரிவாயுவிலிருந்து என்றால் நாலரை யூனிட். எதுவும் வீணாகாத கற்பனை உலையின் எண்கள் இவை. உண்மையான ஆலையில் எல்லாமே கூடும். ஆனால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி மாறாது.

இனி முறைக்கு வருவோம். மீத்தேனையும் கரியமில வாயுவையும் நிக்கல் வினையூக்கியின் மேல் 800, 900 டிகிரி செல்சியஸில் செலுத்தினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் சம அளவில் கிடைக்கும். இதற்கு உலர் ரிஃபார்மிங் என்று பெயர். கிடைக்கும் கலவையைத் தொழிலில் சின்கேஸ் என்பார்கள். ஆனால் அடுத்த கட்டத்துக்கு ஹைட்ரஜன் இரண்டு பங்கு, கார்பன் மோனாக்சைடு ஒரு பங்கு என்ற விகிதம் வேண்டும். அதனால் நடைமுறையில் நீராவியையும் சேர்த்தே அனுப்புகிறார்கள். நீராவி ஹைட்ரஜன் பங்கைக் கூட்டும். கூடவே, கார்பனில் ஒரு பகுதியை மறுபடியும் கரியமில வாயுவாக்கிவிடும். ஆகவே 'உள்ளே போகும் கரியமில வாயு முழுவதும் எரிபொருளாகிறது' என்ற வாசகத்தைப் பார்த்தால், வெளியிலிருந்து ஹைட்ரஜன் சேர்க்கிறார்களா என்று கேளுங்கள். வழக்கமான உயிரிவாயுவில் சேர்க்காமல் அது நடக்காது.

நீராவி சேர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. செய்திகளில் அது வருவதே இல்லை என்பதால் சற்று நின்று சொல்கிறேன். இந்த வெப்பத்தில் மீத்தேன் தானாகவே சிதைந்து கரியாகும். குழாயின் சற்றுக் குளிர்ந்த பகுதிகளில் கார்பன் மோனாக்சைடும் கரியாகும். அந்தக் கரி பெரும்பாலும் நிக்கலின் மேல் போர்வையாகப் படிவதில்லை. நிக்கல் துகளுக்கு அடியிலிருந்து மெல்லிய இழையாக வளர்ந்து, துகளை அது இருந்த இடத்திலிருந்து பெயர்த்து மேலே தூக்குகிறது. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வோர் இழையின் நுனியிலும் ஒரு நிக்கல் துகள் உட்கார்ந்திருக்கும். நுனியில் இருப்பதால் அது தொடர்ந்து வேலை செய்கிறது. வெளிவரும் வாயுவின் இயைபை மட்டும் அளப்பவருக்கு உலை நலமாக இருப்பதாகவே தெரியும். முதலில் காட்டிக்கொடுப்பது அழுத்தமானிதான்: குழாயின் நுழைவாயிலுக்கும் வெளிவாயிலுக்கும் இடையே அழுத்த வேறுபாடு நாளுக்கு நாள் ஏறும். உலையை ஆறவிட்டுத் திறந்து, முழுதாகத் தெரியும் வினையூக்கி உருளை ஒன்றைக் கையுறையோடு எடுத்து அழுத்தினால் கறுப்புப் பொடியாக உதிரும். இழைகள் அதை உள்ளிருந்தே உடைத்திருக்கும். புதிய வினையூக்கி நூறு மணி நேரம் நிலையாக ஓடியது என்று வரும் ஆய்வுக் கட்டுரைகளில் நல்ல அறிவியல் இருக்கிறது. ஆனால் ஓராண்டுக்கு 8,760 மணி நேரம். நீராவி குறைவாகவும் கரியமில வாயு மிகுதியாகவும் வைத்துப் பல ஆண்டுகள் ஓடும் வினையூக்கி என்ற இடத்தில் தொழில்நுட்பம் இன்னும் முழுமையாகத் தேறவில்லை என்பதே என் மதிப்பீடு.

கரிக்கு முன்பே இன்னொரு காவல் வேலை இருக்கிறது: வாயுவைச் சுத்தம் செய்வது. உயிரிவாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்துக்குச் சில நூறு பங்கிலிருந்து சில ஆயிரம் பங்கு வரை இருக்கும். அடுத்த கட்டத்தில் வரும் கோபால்ட் வினையூக்கியோ நூறு கோடிக்குச் சில பத்துப் பங்கு கந்தகத்துக்கு மேல் தாங்காது. நச்சேறிய கோபால்ட் மீள்வது அரிது. ஆகவே இரும்பு ஆக்சைடு, செறிவூட்டிய கரி, கடைசியாகச் சூடான துத்தநாக ஆக்சைடு என்று அடுக்கடுக்காகக் காவல் வைக்க வேண்டியிருக்கிறது. கழிவுநீர் நிலையங்களிலிருந்தும் குப்பைமேடுகளிலிருந்தும் வரும் வாயுவில் சிலாக்சேன்கள் சேர்ந்துகொள்ளும். ஷாம்பூ, முகப்பூச்சு போன்றவற்றிலிருந்து சாக்கடைக்கு வந்து சேரும் சிலிக்கன் சேர்மங்கள் இவை. சூடு பட்டால் மணலின் அதே பொருளாக மாறி வினையூக்கியின் துளைகளை அடைத்துவிடும். குப்பைமேட்டு வாயுவில் காற்றும் கசிந்து உள்ளே வரும். அதிலுள்ள நைட்ரஜன் தீங்கு செய்யாது. ஆனால் எல்லாக் குழாய்களிலும் இடத்தை அடைத்துக்கொண்டு கடைசி வரை கூடவே பயணம் செய்யும். அதைப் பிரிப்பது மிகுந்த செலவு. சுத்திகரிப்புப் பகுதியைப் பற்றி ஒரு பத்திகூட இல்லாத திட்ட அறிக்கையை நான் நம்புவதில்லை.

சின்கேஸ் கைக்கு வந்த பிறகு நடப்பது நூற்றாண்டு பழைய வேலை. 1920களில் ஜெர்மனியின் முல்ஹைம் நகரில் ஃபிரான்ஸ் ஃபிஷரும் ஹான்ஸ் ட்ராப்ஷும் கண்டறிந்த முறை அது. சின்கேஸைச் சுமார் 220 டிகிரியில், வளிமண்டலத்தைப் போல் இருபது முப்பது மடங்கு அழுத்தத்தில் கோபால்ட் மேல் செலுத்தினால் கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சங்கிலிகளாக நீளும். எந்த நீளத்தில் நிற்க வேண்டும் என்று நம்மால் கட்டளையிட முடியாது. ஒரு கார்பன் கொண்ட மீத்தேனும் வரும், நூறு கார்பன் கொண்ட மெழுகும் வரும். விமான எரிபொருள் ஒரு வகை மண்ணெண்ணெய்தான்; அதற்கு வேண்டியது சுமார் 8 முதல் 16 கார்பன் வரை. ஆகவே வேண்டுமென்றே மெழுகு அதிகமாக வரும்படி ஓட்டி, பிறகு ஹைட்ரஜனோடு சேர்த்து அந்த மெழுகை உடைக்கிறார்கள். உலையிலிருந்து வரும் அந்த மெழுகு அறை வெப்பத்தில் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கும், கந்தகம் இருக்காது. அதை உடைப்பதோடு வேலை முடிவதில்லை. ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. நேர்ச் சங்கிலிகள் அதற்கு முன்பே உறைந்துவிடும் என்பதால் அவற்றில் கிளைகளை உண்டாக்க வேண்டும். இவை அனைத்தும் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் நன்றாகப் பழகிய வேலைகள். தென்னாப்பிரிக்காவின் சசோல் நிறுவனம் நிலக்கரியிலிருந்து இதே முறையில் செய்த மண்ணெண்ணெய், 1990களின் இறுதியிலிருந்தே ஜோஹன்னஸ்பர்க் விமான நிலையத்தில் கலந்து பயன்படுத்தப்பட்டது.

விமானத்தில் ஊற்றலாமா என்ற கேள்விக்கும் விடை உறுதியானது. ஏஎஸ்டிஎம் டி7566 என்ற தரவிதி 2009-இல் ஃபிஷர்-ட்ராப்ஷ் எரிபொருளை, வழக்கமான எரிபொருளோடு 50 சதவீதம் வரை கலந்து பயன்படுத்த அனுமதித்தது. பாதிக்கு மேல் ஏன் கூடாது என்றால், இந்த எரிபொருளில் அரோமாட்டிக் சேர்மங்கள், அதாவது பென்சீன் போன்ற வளைய அமைப்புள்ளவை, இல்லை. அடர்த்தியும் சற்றுக் குறைவு. பழைய விமானங்களின் ரப்பர் அடைப்பு வளையங்கள் அரோமாட்டிக் பட்டு ஓரளவு உப்பியிருந்தால்தான் கசியாமல் பிடிக்கும். இதைத் தாண்டவும் வழி உண்டு. 2023 நவம்பரில் வர்ஜின் அட்லாண்டிக் விமானம் ஒன்று முழுக்க மாற்று எரிபொருளிலேயே லண்டனிலிருந்து நியூயார்க் பறந்தது. அதில் 12 சதவீதம், தாவரச் சர்க்கரையிலிருந்து தனியாகச் செய்து சேர்த்த அரோமாட்டிக் எரிபொருள். அரோமாட்டிக் குறைந்தால் புகைக்கரி குறைகிறது, வானில் வெண்கோடுகளாகப் படியும் பனித்துகள்களும் குறைகின்றன என்று ஜெர்மானிய விண்வெளி மையமும் நாசாவும் சேர்ந்து நடத்திய பறப்புச் சோதனைகள் காட்டின. அதனால் புவி வெப்பம் எவ்வளவு தணியும் என்பது மட்டும் இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

வேறு வழிகளும் உண்டு. சின்கேஸை மெத்தனாலாக்கி அங்கிருந்து மண்ணெண்ணெய்க்குப் போகலாம். நுண்ணுயிரிகளுக்குச் சின்கேஸை உணவாகக் கொடுத்து எத்தனால் எடுத்து, அதை விமான எரிபொருளாக்கலாம். லான்சாடெக் நிறுவனம் நிலைபெறச் செய்த பாதை அது. நுண்ணுயிரிகள் கந்தகத்தைக் கோபால்ட்டை விட நன்றாகத் தாங்கும், சின்கேஸின் விகிதத்திலும் அவ்வளவு கண்டிப்பு இல்லை. சிறிய, அழுக்கான வாயு மூலங்களுக்கு எதிர்காலத்தில் இது பொருத்தமாக அமையலாம் என்று நினைக்கிறேன்.

எல்லாம் முடியும் என்றால் ஏன் எங்கும் நடக்கவில்லை? முதன்மையான காரணம் அளவு. மணிக்கு 500 கன மீட்டர் உயிரிவாயு தரும் நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உயிரிவாயு உலகில் அது சிறியதன்று. அதில் மீத்தேன் 300 கன மீட்டர். அதன் ஆற்றலில் பாதி திரவமாகக் கைக்கு வருகிறது என்று தாராளமாக வைத்தாலும், நாளொன்றுக்கு மூன்று டன்னுக்குச் சற்றுக் குறைவாகத்தான் கிடைக்கும். 24 பீப்பாய் என்று சொல்லலாம். அதில் விமானத்துக்கு ஏற்ற பகுதி இரண்டு டன்னைத் தொடாது. ஏ320 வகை விமானம் மணிக்குச் சுமார் இரண்டரை டன் எரிக்கிறது. அதாவது, அந்த நிலையத்தின் ஒரு நாள் உழைப்பு ஒரு விமானத்தின் ஒரு மணி நேரத்துக்கும் போதாது. இதே முறையில் இயற்கை வாயுவைத் திரவமாக்கும் கத்தாரின் பேர்ல் ஆலை நாளொன்றுக்கு 1,40,000 பீப்பாய் தரும் அளவில் கட்டப்பட்டது. அழுத்தக் கலன்கள், அமுக்கிகள், ஆக்சிஜன் ஆலை எல்லாம் பெரிதாகும்போதுதான் டன்னுக்கான செலவு இறங்கும். உயிரிவாயுவின் மூலப்பொருளோ சிதறிக் கிடக்கிறது. ஈரச் சாணத்தையும் உணவுக் கழிவையும் வெகுதூரம் ஏற்றி வந்து ஓரிடத்தில் குவிக்க முடியாது. சிறிய உலைகளைத் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து கொண்டுபோய் நிறுத்தும் முயற்சிகள் பல நடந்தன. ஓக்லஹோமா சிட்டியில் குப்பைமேட்டு வாயுவையும் இயற்கை வாயுவையும் கலந்து ஓட்டிய ஆலை 2017-இல் திரவ எரிபொருளைத் தந்தது. மறு ஆண்டே நின்றுபோனது. வேதியியல் சரியாக இருந்தும் சிறிய அளவில் பிழைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அதை ஓர் எடுத்துக்காட்டாகப் பார்க்கிறேன்.

வெப்பத்திலும் ஒரு முடிச்சு இருக்கிறது. சின்கேஸ் செய்யும் உலையான ரிஃபார்மர் விழுங்கும் வெப்பமும் ஃபிஷர்-ட்ராப்ஷ் உலை வெளியிடும் வெப்பமும் அளவில் கிட்டத்தட்டச் சமம். ஆனால் 220 டிகிரியில் வெளிவருவதைக் கொண்டு 850 டிகிரி உலையைச் சூடாக்க முடியாது. அதைக் கொண்டு நீராவி செய்யலாம், சாணக் கலனை இளஞ்சூட்டில் வைக்கலாம், அவ்வளவுதான். ரிஃபார்மருக்கு வேண்டிய சூட்டுக்காக உயிரிவாயுவில் ஒரு பங்கை எரிக்க வேண்டும். எரித்த கார்பன் புகைபோக்கி வழியே போய்விடும். இங்கேதான் மின்சாரம் உண்மையாகவே உதவுகிறது. ரிஃபார்மர் குழாயையே மின்சாரத்தால் சூடாக்கும் முறையை டென்மார்க்கின் டாப்சோ நிறுவனம் உருவாக்கி, ஃபூலம் ஆய்வு நிலையத்தில் உயிரிவாயுவை வைத்தே செயல்விளக்கம் காட்டியிருக்கிறது. எரிப்பதற்கென்று வாயு போகாது. மிச்சமாகும் கரியமில வாயுவுக்கு மின்பகுப்பு ஹைட்ரஜனைச் சேர்த்தால், மேலே சொன்ன அதே நிலையத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு மடங்கு திரவம் எடுக்க இடமுண்டு. இந்தத் துறையில் என்னை அதிகம் நம்பிக்கை கொள்ளவைப்பது இந்த இணைப்புதான். மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் மட்டும் எல்லாமே தலைகீழாகிவிடும்.

இப்போது நன்மையா என்ற கேள்வி. உயிரிவாயுவின் கார்பன், செடிகள் அண்மையில் காற்றிலிருந்து எடுத்தது. எரிந்ததும் அங்கேயே திரும்பிப் போகிறது. அதுவரை சரி. கணக்கைக் கெடுப்பது மீத்தேன் கசிவு. ஒரு கிலோ மீத்தேனில் 50 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. பாதி எரிபொருளானால் 25 மெகாஜூல். வழக்கமான விமான எரிபொருளுக்கு, சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் கோர்சியா திட்டம் வைத்திருக்கும் அளவு மெகாஜூலுக்கு 89 கிராம் கரியமில வாயு. ஆக, நாம் தவிர்ப்பது சுமார் 2.2 கிலோ. நூறாண்டு அளவுகோலில் உயிரி மீத்தேன் கரியமில வாயுவைப் போல் 27 மடங்கு வெப்பமூட்டும். கலன், குழாய், மூடி எல்லாம் சேர்ந்து 3 சதவீதம் கசிந்தால் 0.8 கிலோவுக்குச் சமமான கேடு. கிடைத்த நன்மையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. இருபதாண்டு அளவுகோலில், அதாவது சுமார் 80 மடங்கு என்று பார்த்தால், முழுவதுமே போய்விடும். மறுபக்கம், திறந்த குழியில் கிடந்து மீத்தேனை வெளியிட்டுக்கொண்டிருந்த சாணத்தைக் கலனுக்குள் கொண்டுவந்தால் அந்தத் தவிர்ப்பையும் வரவில் வைக்கலாம். சில விதிகள் அப்படி வைத்து, எரிபொருளுக்குப் பூஜ்யத்துக்கும் கீழான கார்பன் மதிப்புத் தருகின்றன. எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை. குழியை மூடியதன் நன்மை குழியை மூடியதால் வந்தது. அந்த வாயுவை விமானத்துக்குக் கொடுத்தாலும் அடுப்புக்குக் கொடுத்தாலும் அது ஒன்றுதான். இது என் கருத்து. வேறு விதமாக வாதிடுவோரும் நேர்மையானவர்களே.

ஆகவே எங்கே செய்யத் தகும் என்று கேட்டால், நான் இப்படித்தான் பிரிப்பேன். சிறிய நிலையமாக இருந்து, பக்கத்தில் சமையலுக்கோ கொதிகலனுக்கோ இயற்கை வாயுவோ நிலக்கரியோ எரிகிறது என்றால், உயிரிவாயு அங்கேயே போகட்டும். எரிபொருளாக மாற்றும்போது இழக்கும் பாதி ஆற்றல் அங்கே இழப்பாவதில்லை. விமானத்துக்கு வேறு வழி இல்லை என்பது உண்மை. நெடுந்தூர விமானம் மின்கலத்தால் பறக்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2025-இல் 2 சதவீதம், 2030-இல் 6, 2050-இல் 70 என்று மாற்று எரிபொருளைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 2024-இல் உலக விமான எரிபொருள் உற்பத்தியில் இதன் பங்கு 0.3 சதவீதம்தான் என்று விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டா அறிவித்தது. இந்த இடைவெளியை நிரப்ப, பெருநகரக் குப்பைமேடுகள், பெரிய கழிவுநீர் நிலையங்கள், பல கலன்களை ஒரே குழாயில் இணைத்த தொகுப்புகள் ஆகியவை உகந்தவை.

உங்கள் கேள்வியில் இருந்த கரியமில வாயுவுக்கு இன்னோர் இடமும் உண்டு. உயிரிவாயுவைச் சுத்திகரித்துக் குழாய்வழி வாயுவாக விற்கும் நிலையங்கள் ஏற்கெனவே கரியமில வாயுவைப் பிரித்து, பெரும்பாலும் அப்படியே காற்றில் விட்டுவிடுகின்றன. காற்றில் பத்தாயிரத்துக்கு நான்கு பங்காகக் கரைந்து கிடப்பதைப் பிடிப்பதோடு ஒப்பிட்டால், இது கையருகே இருக்கும் தூய கார்பன். ஜெர்மனியின் வெர்ல்டே என்ற ஊரில் 2021-இல் திறக்கப்பட்ட அட்மோஸ்ஃபேர் அமைப்பின் ஆலை இதற்காகவே அமைந்தது. பக்கத்து உயிரிவாயு நிலையத்தின் கரியமில வாயுவை எடுத்து, மின்பகுப்பு ஹைட்ரஜனோடு சேர்த்து, நாளொன்றுக்குச் சுமார் ஒரு டன் செயற்கைக் கச்சா எண்ணெய் எடுக்கும் அளவில் அது கட்டப்பட்டது. மீத்தேனை அதற்குரிய இடத்துக்கு அனுப்பிவிட்டு, வீணாகப் போகும் கார்பனை மட்டும் விமானத்துக்குத் திருப்புவது என்ற இந்த ஏற்பாடு, தூய மின்சாரம் மிஞ்சும் இடங்களில் நியாயமானது. மின்சாரம் மிஞ்சாத இடத்தில் முன்பு சொன்ன 22 யூனிட் கணக்கு குறுக்கே நிற்கும்.

நீங்கள் படித்த செய்தி எந்த ஆலையைப் பற்றியதாக இருந்தாலும், அவர்களிடம் கேட்க வேண்டியவை என்று எனக்குத் தோன்றுபவை: கலனிலிருந்து உலை வரை மீத்தேன் கசிவை அளந்தார்களா, அல்லது ஏதோ ஒரு சதவீதத்தை ஊகித்துப் போட்டார்களா, ரிஃபார்மருக்கான வெப்பமும் ஹைட்ரஜனும் எங்கிருந்து வருகின்றன, ஒரே வினையூக்கி, மாதிரி வாயுவில் அல்லாமல் உண்மையான உயிரிவாயுவில், இடைவிடாமல் எத்தனை ஆயிரம் மணி நேரம் ஓடியது. கடைசிக் கேள்விக்கு எண்ணோடு பதில் வந்தால் இங்கே எழுதுங்கள். அதைப் பார்க்க எனக்கும் ஆவலாக இருக்கிறது.